பேயை வேட்டையாடும் சூனியக்காரி: வாசகர் கேள்வி – பதில்

பேய்களைத் தேடிச் சென்று அழிக்கும் சூனியக்காரியை நாயகியாகக் கொண்ட திகில் காமிக்ஸ் பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருப்பதால், இந்த மாதக் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கருத்தைப் பலர் எழுதியிருந்தபோது ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சிறு வயதில் கேட்ட கதைகளில் சூனியக்காரி எப்போதும் கெட்டவள். இப்போது நான் படிக்கும் காமிக்ஸில் அவளே பேய்களைக் கொன்று ஊரைக் காக்கிறாள். ஆனால் ஊர் மக்களோ அவளைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? (கல்லூரி மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: திகில் காமிக்ஸின் தொடக்க காலத்தில் சூனியக்காரி ஒரு கதைசொல்லி. அமெரிக்காவில் ஈ.சி. நிறுவனம் 1950இல் தொடங்கிய ‘தி ஹான்ட் ஆஃப் ஃபியர்’ இதழில், கிரஹாம் இங்கெல்ஸ் வரைந்த கிழட்டுச் சூனியக்காரி ஒருத்தி வாசகரை வரவேற்றுக் கதையைத் தொடங்கி வைப்பாள். அவள் கதைக்குள் இறங்கி எதையும் செய்வதில்லை. பிறருக்கு நேரும் கேட்டைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவளுடைய வேலை. அவளைக் கதைக்குள் இறக்கி, கையில் வாளைக் கொடுத்து, அந்தச் சிரிப்பைப் பறித்துக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள். நீங்கள் குறிப்பிடும் வகைக்கு நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு, நொரிஹிரோ யாகி 2001 முதல் 2014 வரை ஜப்பானில் தொடராக வரைந்து 27 தொகுதிகளாக வெளிவந்த ‘கிளேமோர்’. மனிதரைத் தின்னும் பிசாசுகளை வெட்டி வீழ்த்துவதற்காகவே வளர்க்கப்படும் பெண்களின் உடலில் அதே பிசாசுகளின் சதையும் இரத்தமும் சேர்க்கப்பட்டிருக்கும். அவர்கள் ஊரைக் காப்பாற்றிவிட்டுப் புறப்படும்போதும், ‘வெள்ளிக் கண் சூனியக்காரிகள்’ என்று சொல்லி மக்கள் அஞ்சி ஒதுங்குவார்கள்.

கதவைச் சாத்தும் அந்த மக்களைக் கதாசிரியர்கள் கற்பனையிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் காலத்திலேயே இத்தாலியின் வடகிழக்கில் உள்ள ஃப்ரியூலி பகுதியில் ‘பெனான்டான்டி’ என்று அழைக்கப்பட்ட குடியானவர்கள் இருந்தார்கள். பனிக்குடச் சவ்வு சுற்றிய நிலையில் பிறந்தவர்களுக்கே அந்தப் பேறு வாய்க்கும் என்றும், ஆண்டில் குறிப்பிட்ட சில இரவுகளில் தங்கள் ஆவி உடலை விட்டு வெளியேறிப் பெருஞ்சீரகத் தண்டுகளை ஏந்திச் சென்று, சோளத் தட்டைகளோடு வரும் சூனியக்காரர்களை எதிர்த்துப் போரிடும் என்றும், தாங்கள் வென்றால்தான் அந்த ஆண்டு வெள்ளாமை விளையும் என்றும் அவர்கள் உறுதியாக நம்பினார்கள். 1575 முதல் திருச்சபையின் சமய விசாரணை மன்றம் அவர்களை அழைத்து விசாரிக்கத் தொடங்கியது. சூனியத்தை எதிர்ப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஒரே விதமான கேள்விகளைக் கேட்டு, கடைசியில் தாங்களே சூனியக்காரர்கள்தான் என்று அவர்கள் வாயாலேயே சொல்லும் நிலைக்கு அந்த மன்றம் கொண்டுவந்துவிட்டது. அந்த விசாரணை ஏடுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்த கார்லோ கின்ஸ்புர்க் 1966இல் அதை நூலாக வெளியிட்டார். பேயோடு போரிடுகிறவளையே பேயென்று ஊர் முடிவுகட்டுவது எப்படி நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதையும் எனக்குக் காட்டியதில்லை. நீங்கள் படிக்கும் காமிக்ஸில் சண்டைக் காட்சிகளைக் காட்டிலும் அந்தச் சாத்திய கதவைக் கவனித்துப் பாருங்கள். கதையின் உயிர் அங்கே இருக்கிறது.

கேள்வி: என் மகன் படிவம் ஒன்றில் படிக்கிறான். சூனியக்காரி, பிசாசு, வெட்டு, இரத்தம் என்று அவன் படிக்கும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. பிடுங்கி வைத்துவிடலாமா? (ஒரு தாயார், செந்தூல்)

பதில்: அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் பிடுங்கி வைப்பதால் என்ன நடக்கும் என்பதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. 1954இல் ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படிப்பதே சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று வெளியீட்டாளர்களை அழைத்து விசாரித்தது. அச்சத்துக்குள்ளான வெளியீட்டாளர்கள் தாங்களே ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டார்கள். தலைப்பில் திகில் என்ற சொல் வரக்கூடாது, இரத்தக்காட்டேரியும் நடமாடும் பிணமும் ஓநாய் மனிதனும் கதையில் வரக்கூடாது என்று அது கூறியது. பிரிட்டனும் 1955இல் திகில் காமிக்ஸுக்கு எதிராகத் தனிச் சட்டமே இயற்றியது. திகில் கதைகள் அத்தோடு அழிந்துவிடவில்லை. அந்த நெறிமுறைக்குள் வராத பெரிய அளவுக் கறுப்பு வெள்ளை இதழ்களாக 1960களில் அவை மீண்டும் வந்தன. 1971இல் நெறிமுறையும் தளர்த்தப்பட்டது. வெர்த்தம் கொடியவர் அல்லர். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஏழை மக்களுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர். ஆயினும் கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, சிறுவர்கள் சொன்னவற்றைத் தம் கருத்துக்கு ஏற்ப அவர் மாற்றி எழுதியிருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார்.

அதற்காக எல்லாவற்றையும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானிய காமிக்ஸில் ‘ஷோனென்’ என்ற வகைப் பெயரைப் பார்த்து, சிறுவர்களுக்கானது, ஆபத்தில்லை என்று பெற்றோர் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது எந்த வயதினரை நோக்கிய இதழில் தொடர் வெளிவந்தது என்பதை மட்டுமே குறிக்கிறது. உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. மேலே சொன்ன ‘கிளேமோர்’ அவ்வகையைச் சேர்ந்ததுதான், ஆனால் துண்டிக்கப்பட்ட உடல்கள் அதில் நிறைய வருவதால் 13 வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன்; படிவம் ஐந்து வரட்டும் என்பேன். பின்னட்டையில் வயது வரம்பு அச்சிடப்பட்டிருந்தால் அதை மதியுங்கள். அச்சிடப்படாத புத்தகமென்றால் நீங்களே ஒரு பகுதியைப் படித்து, யாராவது அடிபட்டாலோ இறந்தாலோ கதை அவருக்காகச் சற்று நின்று வருந்துகிறதா, அல்லது அடுத்த வெட்டுக்கு ஓடிவிடுகிறதா என்று பாருங்கள். நின்று வருந்துகிற கதை பிள்ளையின் மனத்தைக் கெடுக்காது. இன்னொன்று: அவன் இரவில் சரியாகத் தூங்குகிறானா என்று கவனியுங்கள். தூக்கம் கெட்டால், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் சில காலம் நிறுத்தி வைப்பதில் தவறில்லை.

கேள்வி: நான் ஓவியம் படிக்கும் மாணவி. ஜார்ஜ் டவுனில் பேய்களை வேட்டையாடும் ஒரு தமிழ்ச் சூனியக்காரியை வைத்து 24 பக்கக் காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். படங்கள் அழகாக வருகின்றன என்கிறார்கள். ஆனால் படித்தவர்கள் யாரும் பயப்படவில்லை. எங்கே குறை? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: நீங்கள் அனுப்பிய முதல் ஆறு பக்கங்களைப் பார்த்தேன். கோடுகளில் குறையில்லை. உங்கள் நாயகியால் எல்லாம் முடிகிறது, அதுதான் குறை. கையை உயர்த்தினால் தீ பறக்கிறது, மந்திரம் சொன்னால் பேய் கருகுகிறது. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மூன்றாம் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அவர் எதற்காகப் பயப்பட வேண்டும்? சக்திக்கு விலை வையுங்கள். அந்த விலை என்ன என்பதை முதல் நான்கு பக்கங்களுக்குள் வாசகருக்குக் காட்டியும் விடுங்கள்.

இதற்கு வெளிநாட்டு நூல்களைத் தேடி அலைய வேண்டாம். அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையாக நாம் படித்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதையின் கட்டமைப்பைப் பாருங்கள். விடை தெரிந்தும் மன்னன் பேசாதிருந்தால் அவன் தலை வெடித்துச் சிதறும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டு பக்கமும் அடைபட்ட அந்த நிபந்தனைதான் கதையை அத்தனை ஆண்டுகள் தாங்கியது. ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணத்தோடும் கையில் வாளோடும் நடக்கும் மன்னனின் படம் நம் மனத்தைவிட்டு அகலாததற்கும் அந்தச் சுமைதான் காரணம். நம் மண்ணிலேயே இன்னும் ஒன்று இருக்கிறது. மலாய் மக்களின் நம்பிக்கையில் ‘போலோங்’ என்பது புட்டிக்குள் அடைத்து வளர்க்கப்படும் ஆவி. வளர்ப்பவர் தம் விரலிலிருந்து இரத்தம் கொடுத்து அதற்கு உணவூட்ட வேண்டும். கொடுக்கத் தவறினால் அது வளர்த்தவரையே தாக்கும். உங்கள் நாயகி ஒவ்வொரு வேட்டைக்கும் அப்படி ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தால், முதல் பக்கத்தில் அவள் விரலில் ஒரு துணிக்கட்டும் கடைசிப் பக்கத்தில் கை முழுவதும் கட்டும் இருந்தால், வசனம் ஒன்றுகூட இல்லாமலே வாசகருக்கு அடிவயிறு கலங்கும்.

அடுத்தது பக்கம். நூலில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறமும் இரட்டைப்படைப் பக்கங்கள் இடப்புறமும் வருவதால், வாசகர் தாளைப் புரட்டுவது எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிப் படக் கட்டத்துக்குப் பிறகுதான். 24 பக்க நூலில் அப்படிப்பட்ட தருணங்கள் 12 மட்டுமே. பேய் முழு உருவத்தோடு வெளிப்படும் கட்டத்தை நீங்கள் ஐந்தாம் பக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தைத் திறந்த உடனே வாசகரின் ஓரக்கண்ணில் அது பட்டுவிடுகிறது. அவர் அங்கே வந்து சேரும்போது அச்சம் ஆறிப்போயிருக்கும். ஐந்தாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவின் கைப்பிடி திரும்புவதோடு நிறுத்திக்கொண்டு, பேயை ஆறாம் பக்கத்தின் உச்சியில் கொண்டுவாருங்கள். ஜப்பானிய நூல்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவை வலமிருந்து இடமாக ஓடுவதை மறந்து அதே கட்ட அமைப்பை நகலெடுத்தால், தமிழில் வாசகரின் கண் ஓடும் வழி முட்டிக்கொள்ளும். உங்கள் மூன்றாம் பக்கத்தில் அது நேர்ந்திருக்கிறது.

வண்ணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015இல் வெளிவரத் தொடங்கிய ‘பிளாக் மேஜிக்’ என்ற அமெரிக்கத் தொடரில், காவல்துறைத் துப்பறிவாளராகப் பணிபுரியும் சூனியக்காரியின் கதையை ஓவியர் நிகோலா ஸ்காட் பெரும்பாலும் சாம்பல் நிறச் சாயல்களிலேயே வரைந்து, மந்திரம் வெளிப்படும் இடங்களில் மட்டும் வண்ணத்தைப் பயன்படுத்தினார். பல பக்கங்கள் பொறுத்திருந்து கொடுத்ததால்தான் அந்த வண்ணம் நெஞ்சில் இறங்குகிறது. நீங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பைக் கொட்டியிருப்பதால் இரத்தம் வரும்போது அது இரத்தமாகவே தெரியவில்லை.

வசனத்தைப் பாதியாகக் குறையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துகளுக்கு மேலும் கீழும் வளைவுகள் வருவதால் வரிகளுக்கிடையே இடமும் கூடுதலாக விட வேண்டும். ஆங்கில காமிக்ஸின் வசனப் பலூன் அளவை வைத்துக்கொண்டு தமிழை அதில் திணித்தால், பலூன் வீங்கிப் படத்தை விழுங்கிவிடும். நாயகி தான் அஞ்சுவதாக வாயால் சொல்லும் நான்கு இடங்களிலும் பலூனை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வாய்த்ததைப் போல யாருக்கும் வாய்க்காது. லெபு பினாங்குப் பக்கத்துக் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை, தூண் தூணாகப் பகலிலேயே நிழல் விழுந்து கிடக்கும் வழி. ஒவ்வொரு தூணும் ஒரு கட்டத்தின் கோடாகவே அமையும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் அவளைப் பின்தொடர்வது மறைந்து மறைந்து வரட்டும். மாடமாளிகைகளையும் ஐரோப்பியக் கல்லறைகளையும் வரைந்திருக்கும் பக்கங்களை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. மலாய்ப் பேய்களைத் தமிழ்க் கதையில் சேர்க்கலாமா என்ற உங்கள் தயக்கத்துக்கு வரலாறே விடை சொல்கிறது: கேத்தே – கிரிஸ் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ‘பொந்தியானாக்’ (மலாய் நம்பிக்கையில் வரும் பெண்பேயின் பெயர்) என்ற மலாய்த் திரைப்படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். இங்குள்ள பேய்கள் எல்லா இனத்தவர் வீட்டுத் திண்ணையிலும் பேசப்பட்டு வந்தவை. தாராளமாகச் சேருங்கள், ஆனால் எந்தச் சமயத்தின் வழிபாட்டையும் பேயோட்டும் தந்திரமாக மட்டும் காட்டிவிடாதீர்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் நம் நாட்டில் நடப்பிலிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: அவிழ்ந்த கூந்தல், நீட்டிய நாக்கு, கையில் சூலம் என்று காளியம்மனின் தோற்றத்தை அப்படியே எடுத்துச் சூனியக்காரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இது அவமதிப்பு அல்லவா? நம் இலக்கியத்தில் இத்தகைய கோரத்துக்கு இடமுண்டா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்)

பதில்: ஐயா, முதல் கேள்வியில் நான் உங்கள் பக்கம். சூனியக்காரி விலை கொடுத்துச் சக்தியைப் பெறுகிறவள். அம்மன் சக்தியே ஆனவள். அந்த வேறுபாடு அறியாமல் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஓவியர் இருவரையும் கெடுத்துவிடுகிறார். ஒவ்வொரு இரத்தத் துளியும் நிலத்தில் விழுந்ததும் புதிய அசுரனாக எழும் இரத்தபீசனை, துளி நிலத்தைத் தொடுமுன் குடித்து அழித்த காளியின் கதை தேவி மாகாத்மியத்தில் வருகிறது. அதை அம்மனின் கதையாகவே, உரிய மரியாதையோடு வரையட்டும். வேறொருத்திக்கு முகமூடியாக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடும் காட்சியைப் போல் ஒன்றை எந்தத் திகில் காமிக்ஸும் இன்னும் எட்டவில்லை. காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறும் நீண்ட பல்லுமாக ஒரு பெண்பேய் உறுப்பு உறுப்பாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஓவியர் ஒருவர் அப்படியே எடுத்து வரைந்துவிடலாம். அந்தக் காட்டில் அந்தப் பேயின் நடுவேதான் இறைவனும் ஆடுகிறான். அச்சத்தையும் பக்தியையும் நம் முன்னோர் பகைப்பொருள்களாகக் கருதவில்லை.

இதையொட்டி ஓவியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. லயத்துக் கடைசி வீட்டில் தனியாக வாழ்ந்து, பச்சிலை மருந்து கொடுத்து, விபூதி போட்ட மூதாட்டிகளைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த பலரும் அறிவார்கள். அவர்களுடைய சாயலில் வில்லியை வரையாதீர்கள். இந்தியாவில் தனித்து வாழும் பெண்களுக்குச் சூனியக்காரிப் பட்டம் கட்டித் துன்புறுத்துவதைத் தடுக்க ஜார்க்கண்ட் மாநிலம் 2001இலும் அசாம் 2015இலும் சட்டம் இயற்ற வேண்டிய நிலை இருந்தது. அந்தப் பட்டம் எங்கோ பழங்காலத்தில் முடிந்துபோனதன்று.

கேள்வி: இவ்வகை நூல்கள் இங்கே எங்கே கிடைக்கும்? தமிழில் உண்டா? (கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: கோலாலம்பூரில் சூரியா கே.எல்.சி.சி.யில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையில் ஆங்கிலப் பதிப்புகளைப் பார்க்கலாம். பினாங்கில் சௌரஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடுங்கள். கோலாலம்பூரில் டிசம்பரில் நடைபெறும் காமிக் ஃபியெஸ்டா விழாவுக்குச் சென்றால் நம் நாட்டு ஓவியர்கள் தாங்களே அச்சிட்ட நூல்களை அவர்கள் கையாலேயே வாங்கலாம். தமிழில், சிவகாசியின் லயன் – முத்து காமிக்ஸ் இத்தாலியத் திகில் துப்பறிவாளர் டைலன் டாக்கின் கதைகளை மொழிபெயர்த்திருக்கிறார்கள். சூனியக்காரியே நாயகியாக வரும் தரமான தமிழ்ப் படைப்பை இந்நாட்டில் யாராவது வரைந்தால், இப்பகுதியில் அதைப் பற்றி எழுத ஆவலோடு இருக்கிறேன்.

கேள்வி: இப்படிப்பட்ட கதைகளில் பெரும்பாலும் நாயகி கடைசியில் தானே பேயாகிவிடுகிறாள், அல்லது இறந்துவிடுகிறாள். வேறு முடிவே கிடையாதா? (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: அந்த முடிவு வலுவானதுதான். ‘கிளேமோர்’ கதையில் வரும் பெண்கள், தாம் முழுப் பிசாசாக மாறும் வேளை நெருங்கிவிட்டதை உணர்ந்தால், தம்மைக் கொல்லும்படி வேண்டி நம்பிக்கைக்குரிய தோழிக்கு ஒரு கறுப்பு அட்டையை அனுப்புவார்கள். அந்த அட்டை யார் கைக்குப் போகிறது என்பதிலேயே நட்பின் ஆழம் தெரிந்துவிடும். ஆனால் அதைப் பார்த்து வரைகிறவர்கள் பலர் அட்டையை விட்டுவிட்டுச் சாவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் உங்களுக்குச் சலிப்பு.

வேறு முடிவு ‘நீலகேசி’ என்ற சமணத் தமிழ்க் காப்பியத்தில் இருக்கிறது. காளி கோயிலில் உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தி விரட்டுவதற்காகப் பழையனூர் நீலி என்ற பேய் அனுப்பப்படுகிறது. அவள் கோர உருவம் காட்டுகிறாள், அவர் அசையவில்லை. அழகிய பெண்ணாக வந்து மயக்கப் பார்க்கிறாள். அவர் அதையும் அறிந்துகொள்கிறார். அவர் அவளை அழிக்கவில்லை. அறத்தை எடுத்துச் சொல்கிறார். அவள் அவரிடமே மாணவியாகி, பின்னர் ஊர் ஊராகச் சென்று குண்டலகேசி என்ற பௌத்தப் பெண் முதலிய வாதிகளோடு வாதிட்டு வெல்கிறாள். பேய் சாகவில்லை, வேட்டையாடியவரும் பேயாகவில்லை. வேட்டையே பேச்சாக மாறிவிடுகிறது. காமிக்ஸில் இதை வரைவது கடினம், ஏனெனில் வாதத்துக்கு வாள்வீச்சைப் போன்ற காட்சி இல்லை. முகங்களை மட்டுமே நம்பி, கட்டத்துக்குக் கட்டம் பேயின் பல் சற்றே குறுகிக் கண் சற்றே தெளிவதாக, ஆறேழு பக்கங்கள் அவசரமின்றி வரையக்கூடிய கை வேண்டும். ஆயர் ஈத்தாம் மாணவிக்கு முகங்கள் நன்றாக வருகின்றன. இந்தப் பதிலை அவரும் படிப்பார் என்று நம்புகிறேன்.